படம் இல்லாத கணக்கு

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒக்ரோபர் மாதத்தில் ஒருநாள், இடைவேளை மணி அடித்த கையோடு உயர்தர வணிகப் பிரிவு மாணவிகள் நால்வர் ஆசிரியர் ஓய்வறை வாசலில் வந்து நின்றார்கள். ஒக்ரோபர் 11 சர்வதேச பெண் பிள்ளைகள் தினம் என்பதால், அன்று காலைக் கூட்டத்தில் அவர்களுள் ஒருத்தி ஆப்கானிஸ்தானைப் பற்றிப் பேசியிருந்தாள். 2021 ஆகஸ்ட்டில் ஆட்சி மாறிய பின்னர் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை இல்லை என்றானதையும், 2022 மார்ச்சில் மீண்டும் திறக்கிறார்கள் என்று நம்பிப் புத்தகப்பையோடு வந்த பிள்ளைகள் அன்று காலையே வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதையும், அதே ஆண்டு டிசெம்பரில் பல்கலைக்கழகங்களும் அவர்களுக்கு அடைக்கப்பட்டதையும் அவள் தாளைப் பார்க்காமலே சொன்னாள். வந்தவர்களின் கேள்வி சுருக்கமானது: "ரீச்சர், நாங்கள் காசு சேர்த்து அனுப்பேலாதே?"

நான் கணக்கியல் படிப்பிக்கிறேன். மாணவர் ஒன்றியத்தின் கணக்குப் புத்தகமும் என் மேற்பார்வையில்தான் இருக்கிறது. ஆகவே எனக்கு முதலில் தோன்றியது உணர்ச்சியன்று, பற்றுச்சீட்டுத்தான். அனுப்பும் காசை அங்கே யார் வாங்குவார், எதற்குச் செலவழிப்பார், அந்தச் செலவுக்கான துண்டு நம் கைக்கு எப்படி வரும் என்று கேட்டேன். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுள் அதிகம் பேசாத ஒருத்தி, "அங்கை பள்ளிக்கூடத்தையே பூட்டிப்போட்டாங்கள். காசு அனுப்பினாப்போலை திறப்பாங்களே?" என்றாள். அன்றைக்கு எங்களுக்குள் நடந்த பேச்சில் அதைவிடச் சரியான கேள்வியை நான் கேட்கவில்லை.

உலகெங்கும் 12 கோடிக்கும் அதிகமான பெண் பிள்ளைகள் பாடசாலைக்கு வெளியே இருப்பதாக யுனெஸ்கோ கணித்திருக்கிறது. அந்த எண்ணிக்கையை ஒரே மூட்டையாகக் கட்டிப் பார்க்கும்போது மலைப்புத்தான் வரும். அவிழ்த்துப் பார்த்தால் ஒவ்வொரு பிள்ளையையும் மறித்து நிற்பது வேறு வேறு சங்கதியாக இருக்கும். ஆப்கானிஸ்தானில் மறிப்பது ஆட்சியாளரின் கட்டளை. அதை எங்களுடைய உண்டியல் அசைக்காது. சிம்பாப்வேயின் கதை வேறு. 1991இல் அங்குள்ள கிராமங்களுக்குப் போன ஆன் கொற்றன் என்ற பிரித்தானியப் பெண்மணி, பெண் பிள்ளைகள் படிக்காமல் நிற்பதற்குக் குடும்பங்களின் பழமையான மனப்போக்கே காரணம் என்று பிறர் சொல்லக் கேட்டுப் போனவர். அங்கே கண்டதோ வறுமையை. இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டணம் கட்ட முடியாத தகப்பன், பின்னுக்கு வேலை எடுக்கக்கூடிய ஆண் பிள்ளையை அனுப்பினான், அவ்வளவுதான். அவர் ஊருக்குத் திரும்பி, கேம்பிரிட்ஜில் கேக் விற்றுக் காசு சேர்த்து, 32 பிள்ளைகளைப் படிக்கவைக்கத் தொடங்கினார். 1993இல் அதுவே கம்ஃபெட் என்ற அமைப்பாயிற்று. கேக் விற்றதை நான் சொன்னவுடன் என் மாணவிகளின் முகங்கள் மலர்ந்தன. விற்பது என்றால் அவர்களுக்கு விளங்கும்.

ஆகக் கடைசியில், கட்டளையால் பூட்டிய கதவை விட்டு, பஸ் காசால் பூட்டிய கதவு ஒன்றைத் தேடுவது என்று முடிவாயிற்று. அதற்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. இலவசக் கல்வி என்று 1945இலிருந்து நாம் பெருமைப்படுகிறோம். பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது. ஆனால் இந்த நாட்டில் எல்லாப் பாடசாலையிலும் எல்லா வகுப்பும் இல்லை. எந்த வகுப்புகள் இருக்கின்றன என்பதைப் பார்த்து 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று பாடசாலைகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வகை 2 பாடசாலை தரம் 11 உடன் முடிந்துவிடும்; அதற்கு மேலான உயர்தர வகுப்பு (தரம் 12, 13) அங்கே இல்லை. யாழ்ப்பாண நகரத்தில் நின்று பார்ப்பவருக்கு இது தெரியாது, ஏனென்றால் இங்கே கல்லெறிந்தால் ஏதாவது ஒரு தேசிய பாடசாலையின் மதிலில்தான் விழும். வன்னியின் உட்கிராமம் ஒன்றில் சாதாரண தரப் பரீட்சையில் (தரம் 11) சித்தியடைந்த பிள்ளைக்கு, உயர்தர வகுப்பு உள்ள பாடசாலை 14 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. ஆண் பிள்ளை எப்படியோ தொங்கிக்கொண்டு போய்விடுவான். பெண் பிள்ளையை அனுப்புவதற்குத் தாய்க்கு ஒரு மனக்கணக்கு உண்டு: போகக் காசு, வரக் காசு, மழைக்காலத்தில் இருட்டு, மாதத்தில் மூன்று நான்கு நாள். அந்தக் கணக்கு ஒருமுறை பிழைத்தால் பிள்ளை ஒரு கிழமை நிற்பாள்; இரண்டாம் முறை பிழைத்தால் அவளுக்குக் கலியாணம் பேசத் தொடங்குவார்கள்.

எனக்குப் பழக்கமான அதிபர் ஒருவர் அப்படியான ஒரு பாடசாலையில் இருக்கிறார். அவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, தம்மிடம் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றும் போகாமல் நிற்கக்கூடிய நிலையில் ஐந்து பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். பெயர்களை நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

மாணவிகள் சைக்கிள் வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் சைக்கிளைத் தவிர வேறு வாகனம் கண்ணில் தெரியாது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது எரிபொருள் இல்லாமல் இந்தக் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. இந்தியாவின் பீகார் மாநிலத்தில் 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபா கொடுத்த திட்டத்தை நானும் வகுப்பில் சொல்லியிருந்தேன். அந்தத் திட்டத்தின் பயன் பாடசாலைக்கு மூன்று கிலோமீற்றருக்கு மேல் தொலைவிலுள்ள ஊர்களில்தான் கூடுதலாகத் தெரிந்தது என்பதையும் சொன்னேன். ஆகவே சைக்கிள்தான் என்று பிள்ளைகள் நின்றார்கள். அதிபரிடம் கேட்டோம். "விடியப்புறம் அந்த றோட்டிலை யானை நிக்கும், ரீச்சர்" என்றார். அத்தோடு சைக்கிள் பேச்சு முடிந்தது. பெறுபவரிடம் கேளாமல் கொடுத்திருந்தால், ஐந்து சைக்கிள்களும் ஐந்து வீடுகளில் தகப்பன்மாருக்குப் பயன்பட்டிருக்கும். அதுவும் நன்மைதான், ஆனால் நாங்கள் சேர்த்தது அதற்காகவன்று.

காசு சேர்த்த கதையை விரிவாகச் சொல்ல எனக்கு விருப்பம், ஏனென்றால் அதில் நான் படிப்பிக்கும் பாடம் முழுவதும் இருந்தது. பாடசாலை இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் (விளையாட்டு) போட்டி நாளில் நெல்லிக்கிரஷ் என்ற குளிர்பானம் விற்பதென்று தீர்மானித்தார்கள். ஒரு குவளை 100 ரூபா என்று முதலில் விலையைப் போட்டுவிட்டு, பிறகு செலவை எண்ணத் தொடங்கினார்கள். போத்தல் விலை நினைவிருந்தது, கசகசா நினைவிருந்தது. குவளையையும் ஐஸையும் மறந்துவிட்டார்கள். இரண்டையும் சேர்த்து நான் கரும்பலகையில் எழுதியதும் இலாபம் கண்முன்னே சுருங்கியது. அப்போது ஒருத்தி, தன் தகப்பனார் குருநகர்க் கரையில் மீன் வியாபாரம் செய்பவர் என்றும், ஐஸ் சும்மா தருவார் என்றும் சொன்னாள். மீனுக்குப் போடும் ஐஸைக் குடிபானத்துக்குள் போட முடியாது என்று மறுத்தேன். அவள் சளைக்கவில்லை. பெரிய அண்டாவுக்குள் மீன் ஐஸை நிரப்பி, அதன் நடுவே மூடிய பாத்திரத்தில் நெல்லிக்கிரஷை இறக்கிவைத்தால், குளிர் உள்ளே வரும், ஐஸ் வெளியே நிற்கும் என்றாள். அப்படியே செய்தோம். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஐஸ் கரைந்து ஓட, அந்தப் பக்கமாக வந்த பெற்றோர் ஒருவர் மூக்கைச் சுளித்து, "இதென்ன, சூடை மீன் கிரஷோ?" என்று கேட்டார். கேட்டுவிட்டு மூன்று குவளை வாங்கினார்.

மொத்தம் 743 குவளை போயிற்று. வரவு 74,300 ரூபா, செலவு 29,150 ரூபா, மிச்சம் 45,150 ரூபா. இதைத் தவிர, பழைய பால்மா ரின்களின் மூடியில் கீறி, வகுப்புக்கு ஒன்றாக வைத்தோம். எங்கள் அம்மம்மா உலையில் அரிசி போடமுன்னர் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைப்பார். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். பிடியரிசி என்று சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கவேண்டியிருக்கிறது, ஆனால் விளக்கியவுடன் பிடித்துக்கொள்கிறார்கள். சிற்றுண்டிச்சாலையில் மிஞ்சும் சில்லறை அந்த ரின்னுக்குள் விழத் தொடங்கி, ஒரு தவணைக்குள் 38,600 ரூபா சேர்ந்தது. இரண்டும் கூட்டி 83,750. ஐந்து பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 16,750 ரூபா. பத்து மாதத்துக்கு, மாதம் 1,675. இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸின் பருவச்சீட்டு, அது செல்லாத தனியார் பஸ்ஸில் ஏறவேண்டிய நாட்களுக்கான காசு, மாதவிடாய்த் துவாய், குறிப்புப் பிரதி எடுக்கும் செலவு எல்லாவற்றையும் அதிபர் ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தார்; அது அந்தத் தொகைக்குள் மட்டுமட்டாக அடங்கியது.

இந்த இடத்தில்தான் சிக்கல் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவி ஒருவர் செய்தி கேள்விப்பட்டு, தானும் 50,000 ரூபா தருவதாக எழுதினார். நிபந்தனை ஒன்றுதான்: அந்த ஐந்து பிள்ளைகளும் எங்கள் பாடசாலைக்கு வந்து, பதாகையின் முன்னால் நின்று காசைப் பெறவேண்டும், அந்தப் படத்தைத் தன் நண்பர்கள் பார்க்கும்படி முகநூலில் போடவேண்டும். படத்தைப் பார்த்தால் இன்னும் பலர் தருவார்கள் என்று அவர் எழுதியதில் பொய் இல்லை. ஆசிரியர்கள் சிலருக்கும் அது நியாயமாகப்பட்டது. மாணவிகளோ பதாகைக்கு வாசகமே எழுதிவிட்டார்கள்.

நான் மறுத்தேன். ஏன் என்று கேட்டபோது, அவர்களுக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டியதாயிற்று.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது நான் எட்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். மழையில் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு வந்து, கொடிகாமத்தில் ஒரு பாடசாலை வகுப்பறையில் ஏழு குடும்பங்களோடு இருந்தோம். சில கிழமைகளுக்குப் பின்னர் ஒரு நிறுவனத்தார் வந்து பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுத்தார்கள். நீல நிறப் பை. உள்ளே நான்கு கொப்பி, ஒரு பென்சில் பெட்டி, ஒரு அடிமட்டம். வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவர் கையிலும் இலக்கம் எழுதிய மட்டை ஒன்றைத் தந்தார்கள். பையை ஒரு கையிலும் மட்டையை மறுகையிலும் பிடித்தபடி நிற்க, ஒருவர் படம் எடுத்தார். எனக்கு எடுக்கும்போது பிளாஷ் வேலை செய்யவில்லை. அவர் கமெராவைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை நிற்கச் சொன்னார். கொஞ்சம் சிரிக்கவும் சொன்னார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் என் வகுப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள். நான் சிரித்தேன்.

அந்தப் பையை மூன்று வருடம் பாவித்தேன். சிப் பழுதானபோது அம்மா ஊசியால் தைத்துத் தந்தார். அந்தப் பை இல்லாவிட்டால் அந்த வருடம் கொப்பி இல்லாமல் இருந்திருப்பேன் என்பது உண்மை. நன்றி இல்லாதவள் என்று யாரும் என்னைச் சொல்லமுடியாது. ஆனாலும் அந்தப் படம் எந்த ஊரில் எந்தச் சுவரில் இருந்தது, யார் அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டார் என்ற நினைவு, கணக்கியலில் திருத்தப்படாத வழு போல் என்னிடம் நெடுங்காலம் மீதியாகவே வந்துகொண்டிருந்தது.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் விடுதிப் பாடசாலைகளை நடத்தியபோது, அமெரிக்காவில் உள்ள சபையாரும் மாதர் சங்கங்களும் அனுப்பிய காசில்தான் இங்குள்ள பிள்ளைகள் சாப்பிட்டுப் படித்தார்கள். ஆசியாவின் முதலாவது பெண்கள் விடுதிப் பாடசாலை என்று சொல்லப்படும் உடுவில் பாடசாலையை ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் தொடங்கியதும் அந்தக் காசில்தான். பெண் பிள்ளை எழுத்துப் படித்தால் கெட்டுப்போவாள் என்று ஊர் நம்பிய காலம் அது. விடுதியில் இருந்து படித்து முடிக்கும் பெண்ணுக்குச் சீதனம் தருவதாகச் சொல்லித்தான் பெற்றோரை இணங்கவைக்க வேண்டியிருந்தது. (வங்காளதேசம் 1994இல் நாடு முழுவதற்கும் விரித்த உதவித்தொகைத் திட்டத்தில், மாணவி கலியாணம் கட்டாமல் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஒரே நோக்கத்துக்கு அங்கே ஒரு வழி, இங்கே மறுவழி.) காசு தந்த அமெரிக்கருக்கு ஓர் உரிமையும் இருந்தது: தாம் ஆதரிக்கும் பிள்ளைக்குத் தாமே பெயர் வைக்கலாம். வள்ளியும் நாகமுத்துவுமாக விடுதிக்குப் போன பிள்ளைகள், ஒருநாளும் காணாத யாரோ ஒருவருடைய பெயரோடு வெளியே வந்தார்கள். அந்தப் பாடசாலைகள் இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்துப் பெண் கல்வி இல்லை. அந்தப் பெண்கள் படித்ததன் பலனை அனுபவிப்பவர்களுள் நானும் ஒருத்தி. சொத்தையும் கடனையும் சேர்த்துக் காட்டும் ஐந்தொகை போல, இரண்டையும் ஒரே தாளில்தான் எழுதவேண்டியிருக்கிறது. அன்று பெயரை வாங்கினார்கள், 1995இல் இலக்கம் தந்தார்கள், இப்போது படம் கேட்கிறார்கள்.

இவ்வளவையும் மாணவிகளுக்குச் சொன்னபோது வகுப்பு அமைதியாக இருந்தது. பதாகைக்கு வாசகம் எழுதியவள், படத்தில் முகத்தை மறைத்துவிட்டால் என்ன என்று கேட்டாள். மறைத்த முகம் இன்னும் மோசம், குற்றவாளி போல் இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவளே பதில் சொன்னாள். அந்த 50,000 ரூபா வரவில்லை. இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு ஏறக்குறையப் போதுமாக இருந்த காசு அது. நான் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மாரிமழை பெய்யும் காலை நேரங்களில், பஸ் ஏறாமல் நின்றுவிட்ட யாரோ மூன்று பிள்ளைகளை நினைத்தால் அந்த நினைப்பு அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை.

படம் இல்லையென்றால் தந்தவருக்கு நம்பிக்கை எப்படி வரும் என்பது நியாயமான கேள்வி. என்னிடம் இருக்கும் பதில் கணக்குத்தான். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் ஒரு சதம் இரு சதமாகச் சேர்த்து, பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டவென்று ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பிவந்தார்கள். அந்த நிறுவனத்திடம் மனத்தை உருக்கும் படங்களுக்குக் குறைவே இல்லை, குறைந்தது கணக்கு. மொன்ரானா மாநிலச் சட்டமா அதிபரின் விசாரணைக்குப் பின்னர் 2012இல், அதன் நிறுவுநர் ஏறக்குறைய 10 இலட்சம் டொலரைத் திருப்பிச் செலுத்த இணங்கினார். ரின்னுக்குள் சதம் போட்ட பிள்ளைகள் அதை அறிந்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று என் மாணவிகளிடம் கேட்டேன். அதன் பிறகு அவர்கள் பற்றுச்சீட்டுப் புத்தகத்துக்குத் தொடரிலக்கம் போடுவதை எனக்காகச் செய்யவில்லை, தங்களுக்காகவே செய்தார்கள். ரின் எண்ணும்போது இரண்டு வகுப்பிலிருந்து இருவர் இருக்கவேண்டும், எண்ணிய தொகையை இருவரும் அந்த இடத்திலேயே எழுதி ஒப்பமிடவேண்டும் என்ற விதியும் அவர்கள் வைத்ததுதான். ஒன்பதாம் தரத்து ரின்னில் ஒருநாள் 20 ரூபா இடித்தபோது மூன்று இடைவேளை அதைத் தேடி, கடைசியில் ரின்னின் அடிமடிப்புக்குள் ஒட்டியிருந்த தாளைக் கண்டுபிடித்தார்கள். வரவு செலவை அறிவித்தற் பலகையில் ஒட்டினோம். பெயர் இல்லை, ஊர் இல்லை, மாணவி 1 முதல் மாணவி 5 வரை என்றுகூட எழுதவில்லை. 'பயணச் செலவு, ஐவர்' என்று ஒரு வரி, தொகை, பக்கத்தில் அதிபரின் பற்றுச்சீட்டு இலக்கம்.

தவணைக்கு ஒருமுறை காசை அதிபரின் பாடசாலைக் கணக்குக்கு அனுப்பினோம். ஐவரில் ஒருத்தி இரண்டாம் தவணையில் நின்றுவிட்டாள் என்று அவர் சொன்னார். காரணம் பஸ் காசு அன்று; வீட்டில் தாய்க்குச் சுகமில்லை. அவள் பங்கை என்ன செய்வது என்று அவர் கேட்டார். திரும்பி வந்தால் கொடுக்க வைத்திருங்கள் என்று மாணவிகள் சொல்லச் சொன்னார்கள். நான்கு மாதம் கழித்து அவள் வந்தாள். இல்லாத அந்த நான்கு மாதத்துப் பஸ் காசு மிச்சமாக நின்றது.

சென்ற கிழமை தபாலில் ஒரு பெரிய கடித உறை வந்தது. பருவச்சீட்டுகளின் அடிக்கட்டைகள், மருந்துக்கடைத் துண்டுகள், பிரதி எடுத்த கடையின் பில்கள் எல்லாம் மாத ஒழுங்கில் தைக்கப்பட்டிருந்தன. தனியார் பஸ்ஸில் ரிக்கற் தராத நாட்களுக்குப் பிள்ளைகள் தாங்களே ஒரு கொப்பித் தாளில் திகதியும் தொகையும் எழுதியிருந்தார்கள். நான்கு விதமான கையெழுத்து, ஒரு நாளுக்கு மட்டும் '10 ரூபா மிச்சம் தரவில்லை' என்ற குறிப்பு. கடைசித் தாளுடன் 6,340 ரூபாவுக்கு வங்கியில் வைப்பிலிட்ட துண்டு. நின்றுவிட்ட மாதங்களுக்கான மிச்சத்தை, கேளாமலே, எங்கள் மாணவர் ஒன்றியத்தின் கணக்குக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அதை இவ்வருட வரவில் எழுதுவதா, சென்ற வருடச் செலவில் கழிப்பதா என்று வகுப்பில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். நான் இன்னும் விடையைச் சொல்லவில்லை.